வெங்காயம் தின்ற நாய்க்கு மூன்றாம் நாளுக்குப் பிறகும் கவனம் தேவை

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் பிரௌனிக்கு நான்கு வயது, ஆண், எடை 9 கிலோ. சனிக்கிழமை இரவு விருந்தினர் வந்திருந்தபோது மேஜையில் இருந்த இரண்டு ஹாம்பர்கரை யாரும் பார்க்காத நேரத்தில் முழுசாகத் தின்றுவிட்டான். ஒன்றில் பச்சை வெங்காய வளையங்கள், இன்னொன்றில் வதக்கிய வெங்காயம். இரண்டுக்கும் சேர்த்து பெரிய வெங்காயம் ஒன்றை நறுக்கியிருந்தேன். இன்று திங்கள், நன்றாகத்தான் ஓடியாடுகிறான். வதக்கினால் வெங்காயத்தின் கெடுதல் போய்விடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா? இதற்கு முன் பலமுறை வெங்காயத்தை எடுத்துவிட்டு, சாஸைத் துடைத்துவிட்டு, பர்கருக்குள் இருக்கும் கறியை மட்டும் கொடுத்திருக்கிறேன், அது தப்பா? நாய் ஓநாய் இனம், பச்சைக் கறி மட்டும் போட்டால் போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது சரியா?

பதில்: வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்றே "காத்திருக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் போய் ரத்தம் பாருங்கள்" என்று இரண்டு வரி அனுப்பினேன். நீங்களும் செவ்வாய்க்கிழமை காலையிலேயே கூட்டிப்போய்விட்டு முடிவை அனுப்பியிருந்தீர்கள், அதற்கு முதலில் நன்றி. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 34 சதவீதம் என்று வந்திருக்கிறது. வளர்ந்த நாய்க்கு இது ஏறக்குறைய 37 முதல் 55 வரை இருக்க வேண்டும். அதாவது, துள்ளிக்கொண்டிருந்த அதே பிரௌனியின் உடம்பில் ரத்தம் உடையத் தொடங்கிவிட்டது, வெளியில்தான் எதுவும் தெரியவில்லை. இதை எழுதும்போது புதன் காலை, நாளை அவனுக்கு இரண்டாவது பரிசோதனை. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் இப்போது விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்விகளோடு என்னிடம் வருகிற பலர் நான்காவது ஐந்தாவது நாளில், நாய் எழுந்து நிற்க முடியாத நிலையில் வருகிறார்கள். அந்தத் தாமதத்துக்கு அவர்களின் அலட்சியம் காரணம் இல்லை. "தின்று இரண்டு நாள் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை, அப்படியென்றால் தப்பித்துவிட்டான்" என்று யாருக்குமே தோன்றத்தான் செய்யும்.

வெங்காய விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பாகப் போகிறது. வெங்காயத்தில் கந்தகம் சேர்ந்த சேர்மங்கள் நிறைய இருக்கின்றன. நறுக்கும்போது நம் கண்ணைக் கரிக்க வைப்பதும் அந்தக் குடும்பம்தான். நறுக்கும்போதும், மெல்லும்போதும், வயிற்றில் செரிக்கும்போதும் அவை வேறு வேறு சேர்மங்களாக மாறி ரத்தத்தில் கலந்து, சிவப்பணுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினை இரும்பு துருப்பிடிப்பது போலக் கெடுக்கின்றன. கெட்டுப்போன ஹீமோகுளோபின் சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரண்டு அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். 1890-இல் ராபர்ட் ஹைன்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்தக் கட்டிகளை விவரித்ததால் இன்றும் ரத்த அறிக்கையில் அவர் பெயரில்தான் எழுதுகிறோம், உங்கள் அறிக்கையிலும் 'ஹைன்ஸ் பாடி உள்ளது' என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள். இப்படிக் கட்டி ஒட்டிய அணுவின் சுவர் பலவீனமாகிவிடும். சில அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடையும், மற்றதை மண்ணீரல் "இது கெட்டது" என்று பிடித்து அழித்துவிடும். இதெல்லாம் ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. கட்டிகள் உருவாவது முதல் இரண்டு மூன்று நாளில், சிவப்பணு எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போவது பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில். பிரௌனி சனிக்கிழமை இரவு தின்றான், ஆகவே வியாழன் அன்று இரண்டாவது பரிசோதனை வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நாய்க்கு வெங்காயம் ஆகாது என்பது புதிதாக யாரோ கிளப்பிவிட்ட பயமும் இல்லை. வெங்காயம் கொடுத்து வளர்த்த நாய்களுக்கு ரத்தச் சோகை வருவதை 1930-இலேயே அமெரிக்காவில் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்கு ஒன்றும் செய்யாத வெங்காயம் நாயை ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்பீர்கள். இந்த மாதிரித் துருவேறும் கெடுதலைச் சமாளிக்கும் நொதிகள் நாயின் சிவப்பணுவில் குறைவு. பூனைக்கு நிலைமை இன்னும் மோசம், நாயைப் பாதிக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கே அதற்குப் போதும். வீட்டில் பூனையும் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். நாய்களிலும் அகிடா, ஷிபா இனு போன்ற ஜப்பானிய இனங்களின் ரத்தம் வெங்காயத்துக்குச் சீக்கிரம் உடைந்துவிடும்.

சரி, எவ்வளவு தின்றால் ஆபத்து? ஒரே வேளையில் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல், அதாவது கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் வெங்காயம் போயிருந்தால் நான் எச்சரிக்கையாகிவிடுவேன். கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் என்றால் ரத்தத்தில் மாற்றம் கண்டிப்பாகத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். பிரௌனி 9 கிலோ, அவனுக்கு எச்சரிக்கைக் கோடு 45 கிராம். பெரிய வெங்காயம் ஒன்று 150 கிராம் வரை இருக்கும், அது முழுவதும் அவன் வயிற்றுக்குள் போயிருந்தால் கிலோவுக்கு 16 கிராமைத் தாண்டுகிறது. கடிதத்தில் "ஒரு வெங்காயம்தான்" என்கிற தொனி இருந்தது, 40 கிலோ நாய்க்கு அந்தத் தொனி ஓரளவு பொருந்தும், 9 கிலோ நாய்க்குப் பொருந்தாது. அதனால்தான் அன்றே அவசரப்படுத்தினேன்.

வதக்கினால் கெடுதல் போய்விடும் என்று வீட்டில் சொன்னார்கள் அல்லவா, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காரம் போய் இனிப்பு ஏறுவதை நாக்கு உணர்கிறது, அதனால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் போவது காரமும் தண்ணீரும் மட்டும். வேகவைத்தாலும், வதக்கினாலும், பொரித்தாலும், காயவைத்தாலும் நாய்க்கு ஆகாத அந்தப் பொருட்கள் தங்கிவிடுகின்றன. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அது சுண்டிப்போனால் கையளவு இருந்தது ஒரு கரண்டியாகிவிடும், நாய் அதை ஒரே வாயில் விழுங்கிவிடும். இதன் உச்சம்தான் வெங்காயத் தூள். கண்ணுக்கே தெரியாது, எடையும் இருக்காது, ஆனால் ஒரு கிராம் தூளுக்குப் பின்னால் பல கிராம் வெங்காயம் இருக்கிறது. பூண்டு, சின்ன வெங்காயம், வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம், அவற்றில் பூண்டின் வீரியம் வெங்காயத்தைவிட அதிகம்.

இங்கிருந்துதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், என் மனதில் இதுதான் பெரிய கேள்வி. வெங்காயத்தை எடுத்துவிட்டு, சாஸைத் துடைத்துவிட்டுக் கறியை மட்டும் கொடுப்பது. அன்போடு செய்திருக்கிறீர்கள், ஆனால் பர்கரில் வெங்காயம் மேலே மட்டும் இருப்பதில்லை. கொத்துக்கறியைத் தட்டும்போதே வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் சேர்த்துப் பிசைவது வழக்கம், சில சமயம் பொடியாக நறுக்கிய வெங்காயமே உள்ளே இருக்கும். கெட்சப், பார்பிக்யூ சாஸ் போன்றவற்றின் லேபிளைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் வெங்காயத் தூள் என்று எழுதியிருக்கும், இல்லையென்றால் 'மசாலாப் பொருட்கள்' என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். வெங்காயச் சாறு ஊறிய கறியைத் துடைத்தால் சாறு கறியை விட்டு வராது. வெங்காயம் வதங்கிய அதே கொழுப்பில் கறியும் வெந்திருந்தால் அதற்கும் இதே பதில்தான்.

ஒரு துண்டு கறியால் நாய் செத்துவிடாது, அந்தப் பயத்தை உங்களுக்கு ஏற்றிவிட நான் விரும்பவில்லை. என் கவலை கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பதில். தினமும் நம் தட்டிலிருந்து ஒரு வாய் என்று பழகிய நாய்க்குத் தினமும் கொஞ்சம் சிவப்பணு கெடுகிறது, உடம்பு புதிதாக உற்பத்தி செய்து ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் ஈடுகட்ட முடியாமல் போகும். என்னிடம் ஒரு வயதான நாயைக் கொண்டுவந்தார்கள், சோர்வு, வெளிறிய ஈறு, காரணம் என்னவென்று நானும் வெகுநேரம் தேடினேன். உண்ணிக் காய்ச்சலா என்று பார்த்தேன், இல்லை. கடைசியில் வீட்டுப் பெரியவர் ஒருவர்தான், தினமும் தன் தட்டில் மிஞ்சிய குழம்பில் பிசைந்து ஊட்டுவதைச் சொன்னார். அதை நிறுத்தியது ஒன்றுதான் முக்கிய சிகிச்சை. மூன்று வாரத்தில் ஈறு சிவந்துவிட்டது. அன்றிலிருந்து ரத்தச் சோகையோடு வரும் எந்த நாய்க்கும் முதல் கேள்வியாக, யார் என்ன ஊட்டுகிறீர்கள் என்று வீட்டில் இருக்கும் எல்லோரையும் தனித்தனியாகக் கேட்கிறேன்.

அடுத்து கொழுப்பு. பிரௌனி தின்றது இரண்டு முழு பர்கர், வெங்காயம் இல்லாமலே அது அவனுக்குப் பெரிய சுமை. 9 கிலோ எடையுள்ள, சாதாரணமாக ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 580 கலோரி போதும். 20 சதவீதம் கொழுப்புள்ள கொத்துக்கறி 100 கிராமே ஏறக்குறைய 250 கலோரி, அதற்கு மேல் பன், சீஸ், மயோனைஸ். பழக்கமில்லாத நாய்க்கு ஒரே வேளையில் இவ்வளவு கொழுப்பு போனால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு, மினியேச்சர் ஷ்னாவ்சர் போன்ற இனங்களுக்கு இது கூடுதல். வாந்தி, சாப்பாட்டைப் பார்த்தாலே முகம் திருப்புதல், வயிற்றைத் தொட்டால் முனகுதல், முன்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்றல், இவை அதன் அறிகுறிகள். பிரௌனிக்கு இதுவரை அப்படி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், நல்லது, இந்த வாரம் முடியும்வரை கண் வைத்திருங்கள்.

கண் வைப்பது என்றால் எதைப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஒரு நொடி அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறே கறுப்பாக இருக்கும் நாய் என்றால் கீழ் இமையை மெதுவாக இறக்கி உட்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக, சாம்பலாக, மஞ்சளாக, பழுப்பாகத் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டி ஒற்றிப் பாருங்கள், செம்பழுப்பாக, காப்பித் தண்ணீர் போல இருந்தால் உடைந்த ரத்தத்தின் நிறம் அதில் வருகிறது என்று அர்த்தம். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், 30-ஐத் தாண்டக் கூடாது. நடக்கக் கூப்பிட்டால் பின்வாங்குவது, இரண்டு படி ஏறி உட்கார்ந்துவிடுவது, இதெல்லாம் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டம், பந்து விளையாட்டு எல்லாம் பத்து நாளைக்கு வேண்டாம், ரத்தம் குறைவாக இருக்கும் உடம்பில் ஓடும்போது இதயம்தான் அடி வாங்கும்.

இன்னொன்று, இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். நாய் சோர்ந்து படுத்தால் "காய்ச்சலாக இருக்கும்" என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் நாயின் சிவப்பணுவை வெங்காயம் போலவே கெடுக்கக் கூடியது, கல்லீரலையும் சேர்த்துத் தாக்கும். ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் ரத்தத்தில் அதைப் போடுவது மிகவும் ஆபத்து.

இனிமேல் எப்போதாவது இப்படித் தின்றுவிட்டால், அது நடந்த முதல் இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு மிக நல்ல நேரம். அந்த நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்போம், தேவைப்பட்டால் கரித்தூள் மருந்து கொடுத்து மிச்சத்தை உறிஞ்ச வைப்போம், பாதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டாம், அந்த உப்பே நஞ்சாகிவிடும், தொண்டையில் விரல் விடுவதும் வேண்டாம். வெங்காயத்துக்கு மாற்று மருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. நேரம் தாண்டிவிட்டால் சலைன், ஆக்சிஜன், மோசமானால் ரத்தம் ஏற்றுவது, இப்படி உடம்பைத் தாங்கிப் பிடித்து அது தானே மீளும்வரை காத்திருப்பதுதான் சிகிச்சை. வரும்போது எத்தனை மணிக்குத் தின்றான், என்ன தின்றான், எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லுங்கள், உறையோ லேபிளோ இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். விருந்து மேஜையில் இன்னும் சில எதிரிகளும் உண்டு: திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதில் சைலிடால் சேர்த்த தின்பண்டங்கள். இவற்றுக்கும் இதே அவசரம்தான்.

கடைசியாக உங்கள் நண்பர் சொன்ன ஓநாய்க் கதை. ஓநாயிலிருந்து வந்ததுதான் நாய், சரி. ஆனால் மனிதனோடு சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அதன் குடல் மாறிவிட்டது. 2013-இல் வந்த மரபணு ஆய்வு ஒன்றில், மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகள்தான் இருக்க, நாய்களில் 4 முதல் 30 வரை இருப்பதைக் கண்டார்கள். நாயால் தானியமும் செரிக்க முடியும். அப்புறம், ஓநாய் தின்பது வெறும் சதையை இல்லை, எலும்பு, ஈரல், குடல் என்று மொத்த விலங்கையும். நாம் போடுவதோ சுத்தம் செய்த சதை. அதில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, ஒன்றுக்குப் பதினைந்து இருபது என்ற விகிதத்தில் இருக்கும். நாய்க்குத் தேவையோ, கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ. உணவில் கால்சியம் வராவிட்டால் உடம்பு சும்மா இருக்காது, தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். வளரும் குட்டிக்குச் சதை மட்டும் போட்டு வளர்த்தால் சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறியும், எக்ஸ்ரேயில் எலும்பு கண்ணாடி போலத் தெரியும். "தினமும் நல்ல கறிதானே போட்டேன்" என்று அழும் உரிமையாளரிடம் அதை விளக்குவது எனக்கு இன்றும் கஷ்டமான வேலை. சதை மட்டும் வேண்டாம்.

பச்சையாகவும் வேண்டாம், அதிலும் கொத்துக்கறி வேண்டவே வேண்டாம். முழுத் துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்பில்தான் பெரும்பாலும் இருக்கும், அரைக்கும்போது அது உள்ளே முழுக்கக் கலந்துவிடுகிறது. அதனால்தான் அரைத்த கறி நடுவிலும் 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை வேக வேண்டும் என்கிறோம். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் சரியில்லை, சால்மோனெல்லா உறைநிலையில் தாக்குப்பிடித்துக் காத்திருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம், ஆனால் அது மலத்தில் வெளியேற்றும், அதே வாயால் குழந்தையின் முகத்தை நக்கும். வீட்டில் சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாராவது இருந்தால் பச்சைக் கறிப் பேச்சே எடுக்காதீர்கள்.

கறியே கூடாதா என்றால், தாராளமாகக் கொடுக்கலாம், நாய்க்கு அதைவிடப் பிடித்தது வேறில்லை, எனக்கும் அதில் சந்தோஷம்தான். கொழுப்பு குறைந்த கறியைத் தனிப் பாத்திரத்தில், உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை வடித்துவிட்டு, எலும்பில்லாமல் கொடுங்கள். வெந்த எலும்பு ஊசி போல உடைந்து குடலைக் கிழிக்கும். உங்களுக்கு பர்கர் செய்கிற நாளில் அவன் பங்கை மசாலா பிசைவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டால் போதும். ஒரு நாள் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும், பிரௌனிக்கு அது 58 கலோரி, அதாவது குவித்த ஒரு மேஜைக்கரண்டி. அந்த அளவு நம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், 9 கிலோ உடம்புக்கு அது போதும். மற்றதெல்லாம் அவன் வழக்கமாகச் சாப்பிடும் முழுமையான நாய் உணவாகவே இருக்கட்டும். வீட்டிலேயே சமைத்துத்தான் போட வேண்டும் என்று ஆசை இருந்தால் செய்யலாம், ஆனால் கால்சியம், துத்தநாகம், வைட்டமின்கள் எல்லாம் அளந்து சேர்க்க வேண்டிய வேலை அது, அவன் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

இந்த ஒரு மேஜைக்கரண்டியையும் இப்போது தொடங்க வேண்டாம், கணையம் ஓய்வெடுக்கட்டும், பத்து நாள் போகட்டும். நாளைப் பரிசோதனையில் 34 என்பது 30-க்குக் கீழே இறங்கியிருந்தால் அங்கேயே ஒருநாள் வைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். 20-ஐ நெருங்கி மூச்சும் வாங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், அந்த வசதி எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். 34-லேயே நின்றிருந்தால் அல்லது ஏறியிருந்தால் பெரும்பாலும் கண்டம் தாண்டியாயிற்று, அடுத்த பத்துப் பதினைந்து நாளில் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை அனுப்பி ஈடுகட்டிவிடும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தால் போதும். எப்படி இருந்தாலும், நாளை அறிக்கை கைக்கு வந்ததும் அந்த எண்ணை மட்டுமாவது எனக்கு அனுப்புங்கள்.